ஒத்தக்கால் இழுத்து நடந்த அ

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்னு தொடங்கணும்னு எனக்கும் ஆசைதான், ஆனா எங்க ஆத்தியடியில ராஜாவும் கிடையாது மந்திரியும் கிடையாது, ஒரு மாவு மில்லும் அதுக்கு எதுத்தாப்புல ஒரு பால்வாடியும் தெரு முக்குல ஒரு தேரும்தான் உண்டு, மில்லு என்னோடது, பால்வாடி கவர்மெண்டோடது, தேரு முப்பிடாதியம்மனோடது, இந்த மூணுக்கும் நடுவுல நடந்ததைத்தான் சொல்லுதேன், நம்பாதவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிரலாம், நான் ஒண்ணும் முந்தானையைப் பிடிச்சு இழுக்க மாட்டேன்.

எம் பேரு தங்கபுஷ்பம். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவ. தராசுல நம்பரு தெரியும், பஸ்ஸை அதோட நிறத்தை வச்சுக் கண்டுபிடிச்சு ஏறிருவேன், மத்தபடி எழுத்துங்கிறது எனக்கும் எம் மில்லு கிரைண்டருக்கும் ஒண்ணுதான். ஊரெல்லாம் என்னை மலடின்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சு ஓய்ஞ்ச பிறகு பொறந்தவ எம் மக இசக்கிராணி. அவ அப்பா திருப்பூர்ல பனியன் கம்பெனியில கிடக்காரு, அதனால அவளைப் பால்வாடியில கொண்டு விட்டதும் நான்தான், விட்ட அன்னைக்கே அருள்மேரி டீச்சர்ட்ட கறாரா சொன்னதும் நான்தான்: "டீச்சர், இவ டாக்டராவும் வேண்டாம் கலெக்டராவும் வேண்டாம், 'அம்மா'ன்னு சிலேட்டுல ஒரு தடவை எழுதி என் கண்ணுல காட்டணும், அது போதும் எனக்கு."

டீச்சர் சிரிச்சாவ. "அதுக்கு மொதல்ல 'அ' வரணும்லா, தங்கபுஷ்பம்?"

வந்துச்சு. வந்தது மட்டுமில்ல, எந்திரிச்சு நடந்தும் போயிருச்சு.

அன்னைக்கு டீச்சர் ஒவ்வொரு பிள்ளை கையையா பிடிச்சு எழுத வச்சுக்கிட்டு வந்திருக்காவ, பாதிப் பிள்ளைங்க பல்பத்தைத் தின்னு முடிச்சிருக்கு, மீதிப் பிள்ளைங்க மூக்கு ஒழுகிக்கிட்டு உக்காந்திருக்கு, எம் மக மட்டும் நாக்கைப் பல்லுக்கு நடுவுல கடிச்சுக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, தானாவே ஒரு அ எழுதியிருக்கா, சுழி கொழுக்கட்டை கணக்கா உப்பிப் போச்சு, கடைசியில நேரா இறங்கணுமே ஒரு கோடு, அது பாதியிலயே நின்னு போச்சு, இவ பல்பத்தை எடுத்ததும் அந்த அ ஒரு உதறு உதறிச்சாம், சிலேட்டுச் சட்டத்தைப் பிடிச்சு இறங்குச்சாம், ஒத்தக்காலை இழுத்து இழுத்து வாசலைப் பாத்துப் போச்சாம். பக்கத்துல இருந்த கறிக்கடைக்காரர் மகன்தான் முதல்ல பாத்திருக்கான். "டீச்சர், இவ அ ஒண்ணுக்குப் போவுது"ன்னான். "போயிட்டு வரட்டும், நீ எழுது"ன்னாவ டீச்சர்.

அது தெருவைத் தாண்டி நேரா எம் மில்லுக்குள்ள வந்துச்சு. அப்பத்தான் நான் பச்சரிசி மாவைச் சலிச்சு வச்சிருந்தேன். "மாவுல காலை வைக்காத சனியனே"ன்னு வாரியலை ஓங்கினேன். அது அங்கேயே நின்னு என்னைப் பாத்துச்சு. எழுத்துக்கு ஏது கண்ணுன்னு கேக்காதீங்க, பாக்குறதைப் பாத்தா நமக்குத் தெரியாதா? வாரியலைக் கீழ போட்டுட்டு, "சரி, அந்த ஓரமாப் போய் நில்லு"ன்னேன். போய் நின்னுச்சு.

மறுநாள் இன்னொரு பிள்ளையோட இ இறங்கிச்சு, அதுக்கு மறுநாள் புள்ளி ரெண்டையும் தொலைச்சுட்டு ஒரு ஈ, அப்புறம் எழுதும்போதே குப்புற விழுந்த ட, எந்தப் பக்கம் தலைன்னு அதுக்கே தெரியாத ஒரு ஐ, இப்படி வரிசையா இறங்கி இறங்கி, அந்த மாசம் முடியுறதுக்குள்ள எங்க ஊர்ல நாயைவிட எழுத்து அதிகமாப் போச்சு. டீ கடை பெஞ்சுல எழுத்து, பஸ் ஸ்டாண்டு நிழல்ல எழுத்து, ரேஷன் கடை வரிசையில முன்னாலயும் பின்னாலயும் எழுத்து. கறிக்கடைக்காரர் மகன் எழுதின உ ஒண்ணு பிள்ளையார் கோயிலுக்குள்ள போய்ச் சாமி காலடியில உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேன்னுருச்சு, பூசாரி பாத்தாரு, இது நம்ம பிள்ளையாரோட சுழிதானேன்னு குங்குமத்தை வச்சு விட்டுட்டாரு, அது முதக்கொண்டு ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்காரர் தொழிலை நிறுத்திட்டுப் போய் மகனோட எழுத்துக்கு அர்ச்சனை பண்ணிட்டு வருவாரு, ஊர்க்காரங்க கறி இல்லாம பிள்ளையாரைத் திட்டுவாங்க.

ஏன் எந்திரிச்சுது, எப்படி எந்திரிச்சுதுன்னு எவனும் கேக்கல. கேக்குறதுக்கு எங்களுக்கு நேரமில்லை. எங்களுக்கு வேற ஒரு தொந்தரவு வந்திருச்சு.

எழுத்து காலுல பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடணும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரல, பொறக்கும்போதே கூடப் பொறந்த வழக்கம், படிச்சவனும் ஒத்துவான், படிக்காத நானும் ஒத்துவேன், பேப்பர்ல மடிச்ச வடை கீழ விழுந்து மிதிச்சாக்கூட வடையை விட்டுட்டுப் பேப்பரைத் தொட்டு ஒத்துத ஊரு. இப்ப தெருப்பூரா எழுத்து, ஒரு எட்டு வச்சா ஒரு எழுத்து காலுல படுது, குனி, தொடு, ஒத்து, நிமிரு, அடுத்த எட்டு வையி, திரும்பக் குனி. பஸ் ஸ்டாண்டுல இருந்து சந்தைக்கு நடந்து வாரவன் சந்தை கலைஞ்ச பிறகுதான் வந்து சேருவான். அத்தனை பேருக்கும் இடுப்புப் பிடிச்சுக்கிடுச்சு, கண்ணுல பல்பத் தூளு விழுந்து விழுந்து ஊரே செவசெவன்னு கண்ணை வச்சுக்கிட்டு அலைஞ்சுது, கண்ணு வலின்னு நினைச்சு ஆஸ்பத்திரிக்காரங்க வேன்ல வந்து எல்லாருக்கும் சொட்டு மருந்து விட்டாங்க, வேனை விட்டு இறங்கினவங்களும் குனிஞ்சு குனிஞ்சு ஒத்திக்கிட்டுத்தான் திரும்பிப் போனாங்க.

நல்லதும் நடக்காம இல்ல. மேலத்தெருவுல பொண்ணு பாக்க வந்தப்ப, காப்பித் தட்டோட வந்த பொண்ணு காலுல ஒரு எ பட்டு அவ சட்டுன்னு குனிஞ்சிட்டா, மாப்பிள்ளையோட அம்மா தன் காலுலதான் விழுந்துட்டான்னு நினைச்சு, "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா"ன்னு அங்கேயே பூ வச்சுட்டுப் போயிட்டா. இன்னொரு நாளு சங்கிலி பறிச்சுட்டு ஓடின களவாணி ஒருத்தன் ஒரு ஔ மேல மிதிச்சுட்டான், ஓட்டத்தை நிப்பாட்டிட்டுக் குனிஞ்சு தொட்டு ஒத்தினான் பாருங்க, நிமிரையில ஊரே சுத்தி நின்னுச்சு. அடிக்கக் கை வரல யாருக்கும். அவனும் நம்மள மாதிரி வளந்த பயதானேன்னு சங்கிலியை மட்டும் வாங்கிட்டு அனுப்பிட்டோம்.

வயித்தெரிச்சல் எல்லாம் பொன்னுலிங்கத்துக்குத்தான். அவரு மேலத்தெருவுல இங்கிலீசு நர்சரி நடத்துதவரு. அங்க பிள்ளைங்க அச்சுல வார்த்த கணக்கா எழுதும், ஒரு சுழி கூடாது குறையாது, ஆனா ஒரு எழுத்தாவது எந்திரிக்கணுமே! "வேன் வச்சு விடுதீரு, டை கட்டி விடுதீரு, எங்க பிள்ளை எழுத்து மட்டும் செத்த எலி கணக்காக் கிடக்கே"ன்னு தாய்மாருங்க போய்ச் சண்டை போட்டாவ. அவரு சளைக்கல. 'கோணல் எழுத்துச் சிறப்புப் பயிற்சி'ன்னு போர்டு மாட்டிட்டாரு. எப்படி நெளிக்கணும், எங்க ஆட்டணும், எந்த இடத்துல கையை விடணும்னு பிரம்பை வச்சுச் சொல்லிக்குடுத்தாரு. ஒண்ணும் நடக்கல. வேணும்னே கோணினது எதுவும் அசையல. பாவம், நேரா எழுதணும்னுதான் உசிரைக் குடுத்து எழுதும் பிள்ளை, கை சொன்ன பேச்சுக் கேக்காது, அப்படி வந்த கோணல் மட்டும்தான் எந்திரிச்சு உக்காந்துது. பொன்னுலிங்கம் போர்டைக் கழட்டிட்டாரு.

இன்னொண்ணும் அப்பத்தான் தெரிஞ்சுது. ஒரு பிள்ளை அதே எழுத்தை என்னைக்கு ஒரு தடவை சரியா எழுதிருதோ, அன்னைக்கு அதோட கோணல் எழுத்து எங்க இருந்தாலும், கூரை மேல இருந்தாலும் குளத்தங்கரையில இருந்தாலும், விழுந்தடிச்சு ஓடி வந்து சிலேட்டுல ஏறி, அந்தச் சரியான எழுத்து மேலயே படுத்துக்கிடும். அவ்வளவுதான், பிறகு எந்திரிக்காது. பிள்ளை எச்சியைத் துப்பி உள்ளங்கையால அழிச்சிரும். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கும்ங்கிறீங்க? செத்த மூதிங்க, அழிச்ச கையைச் சட்டையில துடைச்சுட்டு அடுத்த எழுத்துக்குப் போயிரும்.

எம் மகதான் அழுதா. நம்ம வீட்டுக்குன்னு வந்து வாய்க்குது பாருங்க எல்லாம்.

அந்த ஒத்தக்கால் அ எங்களோடயே தங்கிருச்சு. காலையில மில்லைத் திறந்தா மாவு படிஞ்ச தரையில அது நடந்த தடம் இருக்கும், ஒரு வட்டமும் ஒரு இழுப்புமா, ஒரு வட்டமும் ஒரு இழுப்புமா. இசக்கிராணி பல்பத்தை நுணுக்கி அதுக்கு முன்னால வைப்பா. அவ பால்வாடிக்குப் போனா கூடவே போகும், மூத்திரம் பேயப் போனாலும் வெளிய நிக்கும். கையால மட்டும் தூக்க விடமாட்டா, தூக்கினா பாதி உடம்பு நம்ம கையில ஒட்டிக்கிடும், பல்பத் தூள்தானே. இ படிச்சா, உ படிச்சா, க ங ச வரைக்கும் வந்துட்டா, எல்லாத்தையும் நேரா எழுதினா, அதது வந்து படுத்துச்சு, அழிச்சா. அ மட்டும் எழுத மாட்டா. ஆ-வும் எழுத மாட்டா, அதுக்குள்ள அ இருக்குன்னு.

தெரியாம இல்ல. ஒருநாள் வாசல்ல உக்காந்து விரலால காத்துல எழுதிக்கிட்டிருந்தா, நானும் டீச்சரும் பின்னால நின்னோம், டீச்சர் என் தோளைத் தொட்டு, "பாருங்க, சரியா எழுதுதா, காலும் கீழ வரைக்கும் போடுதா"ன்னாவ. எனக்கு வந்துச்சே கோவம். உள்ள இழுத்துட்டுப் போய் சிலேட்டை மடியில வச்சேன்.

"எழுதுட்டி."

"மாட்டேன். எழுதினா அது செத்துரும்."

"அது எழுத்துட்டி, கோட்டிக்காரி! ஆடா மாடா சாகுறதுக்கு?"

"அப்ப நீ ஏன் நேத்து அதை 'வா ராசா'ன்னு கூப்பிட்ட?"

முதுகுல ஒண்ணு வச்சேன். வச்சுட்டு நானும் அழுதேன். எனக்கு அந்த 'அம்மா' வேணும். பத்து வருஷம் ஊருகிட்டப் பேச்சு வாங்கிப் பெத்திருக்கேன், சிலேட்டுல அந்த ஒரு சொல்லைப் பாக்கணும், வாசிக்கத் தெரியாட்டியும் பாக்கணும். அதுக்குக் குறுக்க ஒரு நொண்டி எழுத்து நிக்குன்னா எனக்கு எரியுமா எரியாதா?

சித்திரையில தேரு வந்துச்சு. முப்பிடாதியம்மன் ஜோடிச்சு மேல ஏறி உக்காந்தாச்சு, மேளம் முழங்குது, பொம்பளைங்க குலவை போடுதாவ, தர்மகர்த்தா சங்கரமூர்த்தி அண்ணாச்சி பச்சைக்கொடி ஆட்டுதாரு, ஊரே சேந்து வடத்தைப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்துச்சு, தேரு ஒரு அடி நகந்துச்சு. வெறுங்காலு அத்தனையும் எழுத்து மேல பட்டுச்சு. ஊரே வடத்தைக் கீழ போட்டுட்டுக் குனிஞ்சுது, தொட்டுது, ஒத்திச்சு, நிமிந்துது. திரும்ப ஒரு இழுப்பு, திரும்ப ஒரு அடி, திரும்பக் குனி. உச்சி வெயிலு மண்டையைப் பிளக்கு, தேரு நிலையை விட்டு வெளியகூட வரல, மேல அம்மன் வேர்த்து ஊத்துதா, மூக்குத்தி வரைக்கும் சந்தனம் இறங்கியாச்சு. அழிச்சிரலாம்னா சிலேட்டு துடைக்குத கோவை இலை இருக்கு, அழிக்க எவன் வருவான்? சரஸ்வதியை அழிச்ச பாவம் எனக்கு வேண்டாம்னு ஆளாளுக்குக் கையைக் கட்டிக்கிட்டாங்க.

அருள்மேரி டீச்சர்தான் மைக்கை வாங்கினாவ. "பிள்ளைங்க எல்லாம் சிலேட்டை எடுத்துட்டு வாங்க."

தேர்த் திருவிழா பால்வாடி ஆயிப் போச்சு. தேரு நிழல்ல பிள்ளைங்க உக்காந்துது, சுத்தி அம்மை அப்பன் சித்தப்பன் மாமன் எல்லாம் நின்னுக்கிட்டு, "ஏலே வளைச்சுப் போடு", "ஏட்டி புள்ளி எங்க", "எப்பா உள்ள சுழி, வெளிய சுழிக்காத"ன்னு கத்துதாங்க, மேல இருந்து பூசாரி தீபாராதனைத் தட்டால காத்துல வரைஞ்சு காட்டுதாரு, மேளக்காரரு குச்சியால மண்ணுல எழுதிக் காட்டுதாரு, பொன்னுலிங்கம்கூட வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வந்து பால்வாடிப் பிள்ளைங்க கையைப் பிடிச்சு எழுத வச்சாரு. ஒவ்வொண்ணா சரியா வர, ஒவ்வொரு எழுத்தா ஓடி வந்து படுத்துச்சு. பிள்ளையார் கோயில் உ குங்குமத்தோட வந்துச்சு, கறிக்கடைக்காரரு குலுங்கிக் குலுங்கி அழுதாரு, அவரு மகன் எச்சியைத் துப்பி அழிச்சுட்டு முறுக்கு கேட்டான்.

வெயிலு சாயையில தெரு துடைச்சு விட்ட கணக்கா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் மிச்சம். தேர்ச்சக்கரத்துக்கு நேர முன்னால, மேளச் சத்தத்துக்குப் பயந்து ஒடுங்கிப் போய், எம் மகளோட ஒத்தக்கால் அ. இசக்கிராணி வா வான்னு கூப்பிடுதா, அது அசையல. தூக்கவும் முடியாது. ஊரு கண்ணு பூரா எங்க மேல.

"உம் மகளை எழுதச் சொல்லும்மா"ன்னாரு அண்ணாச்சி.

அவ சிலேட்டை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டா. அண்ணாச்சி குரலைத் தாழ்த்தி, "அப்ப சக்கரத்தை விட்டுருவோம். சக்கரம்தான ஏறுது, நம்ம காலா படுது? பாவம் கிடையாது"ன்னாரு. நல்ல நியாயம்! நாலு பேரு ஆமான்னுட்டாங்க. வடத்தைக் கையில எடுத்துட்டாங்க.

நான் போய் அவ கையைப் பிடிச்சேன். அடிக்கப் போறேன்னு நினைச்சு அவ கண்ணை இறுக்கிக்கிட்டா. அந்தக் கை குளுந்து போய்க் கிடந்துச்சு. அவ விரலுக்குள்ள பல்பத்தைத் திணிச்சு, என் கையை அவ கை மேல வச்சு, சிலேட்டுல கொண்டு ஊனினேன். ஊனின பிறகுதான் உறைச்சுது. கையைப் பிடிச்சு எழுத வைக்கணும்னா எனக்கு எழுதத் தெரியணும்லா? எந்தப் பக்கம் தொடங்கணும்னுகூடத் தெரியல எனக்கு. ஊரு முன்னால, அம்மன் முன்னால, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன்.

அவ கண்ணைத் திறந்து என்னைப் பாத்தா. அந்த மூஞ்சியைப் பாத்தப்ப எனக்கு 'அம்மா'வும் வேண்டாம், சிலேட்டும் வேண்டாம்னு ஆயிருச்சு. ஆனா சக்கரம் நிக்கு. ஊரு நிக்கு.

"குடுட்டி"ன்னு பல்பத்தைப் பிடுங்கினேன். "நான் எழுதுதேன். நான் சரியா எழுதி அது படுத்துக்கிட்டா பழி என்னோட போவட்டும். உன் கையால வேண்டாம்."

நடுத்தெருவுல சம்மணம் போட்டு உக்காந்தேன். அருள்மேரி டீச்சர் கிட்ட வந்தாவ, வேண்டாம்னு கையைக் காட்டினேன். நாக்கைக் கடிச்சுக்கிட்டேன், மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன், சுழியைப் போட்டேன், வளைச்சேன், பல்பம் கிரீச்சுன்னுச்சு, கோட்டை இழுத்தேன், கையைப் பாருங்க, மூட்டை தூக்குத கை, மிளகாய் அள்ளுத கை, அது எங்கயோ போவுது, நான் எங்கயோ இழுக்கேன், கடைசிக் கோடு கீழ வரவேண்டியது ஒரு பக்கமா சரிஞ்சு போச்சு. சரியா எழுதத்தான் பாத்தேன், அம்மன் மேல சத்தியமா. எழுதி முடிச்சு நிமிந்து பாத்தா, சிலேட்டுல என்னை மாதிரியே ஒரு அ, இடுப்பு பெருத்து, ஒருக்களிச்சு.

அது உதறிக்கிட்டு எந்திரிச்சுது.

சட்டத்தைப் பிடிச்சு இறங்குச்சு. மேளத்துக்கும் பயப்படல, அண்ணாச்சிக்கும் பயப்படல, நேரா சக்கரத்துக்கு முன்னால போயி, அந்தச் சின்னதோட குட்டைக்கால் பக்கமா ஒட்டி நின்னுச்சு. சின்னது அது மேல சாஞ்சுது. ரெண்டும் மெல்ல மெல்ல நடந்து, தெருவைத் தாண்டி, எம் மில்லுக்குள்ள போச்சு. அது போய்ச் சேர வரைக்கும் அம்மனும் காத்திருந்தா, ஊரும் காத்திருந்துச்சு, வேற வழி? பிறகு ஒரே இழுப்புல தேரு போயி நிலைக்கு வந்துச்சு. அண்ணாச்சி மைக்குல தன்னோட ஏற்பாடுன்னு சொல்லிக்கிட்டாரு.

ஜூன் மாசம் அவ ஒண்ணாங் கிளாஸ் போனா. ஒருநாள் சாயங்காலம் சிலேட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மில்லுக்குள்ள ஓடி வந்தா, மூஞ்சி வெளுத்திருந்துச்சு. "அம்மா, ஸ்கூல்ல விடல, எழுதிட்டேன்." திருப்பிக் காட்டினா. வாசிக்கத் தெரியாத எனக்கே அது என்னன்னு தெரிஞ்சுது. ஆனா ரெண்டு பேரும் சிலேட்டைப் பாக்கல, மூலையைப் பாத்தோம். சின்னது இழுத்து இழுத்து வந்துச்சு. கூடவே பெருசும் வந்துச்சு. சிலேட்டுப் பக்கத்துல வந்து ரெண்டும் நின்னுச்சு, ஏறும் ஏறும்னு அவ என் சேலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. ஏறல. பெருசை விட்டுட்டுப் போகச் சின்னதுக்கு மனசில்ல போல, கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, ரெண்டும் மாவு மூட்டைக்குப் பின்னால திரும்பிப் போயிருச்சு. அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நான் போட்ட குலவை தேருக்குக்கூடப் போட்டதில்லை.

இப்ப தெனம் சாயங்காலம் எனக்குப் பாடம் எடுக்கா. "ஒழுங்கா எழுதும்மா. காலைக் கீழ வரைக்கும் இழு. எத்தனை வாட்டி சொல்லுதது?" நான் சுழியை உப்ப வைப்பேன், காலைச் சரிச்சு விடுவேன், "கை வரலட்டி, மில்லுக்காரி கை"ம்பேன். மிஷினு ஓடுத நேரத்துல, யாரும் பாக்காதப்ப, காத்துல விரலால எழுதிப் பாப்பேன். நல்லா வரும். காலு நேரா கீழ வரைக்கும் வரும்.

அவ சிலேட்டை வாங்கி, நான் எழுதின கோணல் அ-வை ரொம்ப நேரம் பாப்பா. அது அசையாது, எந்திரிக்காது, செத்த எலி கணக்கா அப்படியே கிடக்கும். அவ என்னை ஒரு பார்வை பாப்பா. எச்சியைத் துப்பி அழிச்சுட்டு, "சரி, நாளைக்குப் பாப்போம்"ம்பா.